களைத்துப்போன காந்தம்

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புது மெஷின் வந்த அன்று, குளிர்சாதனப் பெட்டிக்குக் கோட்டுப் போட்டது போல ஒன்று லொறியிலிருந்து இறங்கியது. பொத்தானை அழுத்தினால் தானே குளிரும், தானே அளக்கும், தானே கோடு போட்டுத் தரும் என்றார்கள். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. இவ்வளவையும் தானே செய்கிற ஒன்று என் வீட்டில் இதுவரை பிறக்கவில்லை.

அதற்கு இடம் வேண்டுமென்று, மூலையில் இருந்த பழைய ஒலிபெருக்கியை, ஆராய்ச்சிக்கு வந்த புதுப் பிள்ளைகள் தூக்கிப்போடப் பார்த்தார்கள்.

"இது என்னாங்கம்மா, கோயில் திருவிழாவுல பாட்டுப் போட்டதா?"

"ஆமா புள்ள. அப்புறம் இங்க வந்து சாமியாடிச்சு."

நம்பவில்லை. நம்பாதவர்களுக்குக் கதை சொல்வதில் எனக்கு ஆசை அதிகம். இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. கூடத்து மலருக்கு நீங்களும் ஒன்று சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளே கேட்டார்கள். நான் படித்தது கொஞ்சம். கையெழுத்துப் போட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடுவார். அதனால் நான் சொல்கிறேன், அவர்கள் எழுதுகிறார்கள். பிழை இருந்தால் அது படித்தவர்களுடையது.

நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடிதான் எங்கள் கூடம். அதைத் தொடங்கியவர் மகாலிங்கம் சேர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வெளிநாட்டில் பௌதிகம் படித்து, அங்கேயே இருந்திருக்க வேண்டியவர். அவருடைய அப்பா இதே தொழிற்சாலையில் இஞ்சின் ரூமில் வேலை செய்தவர். மகன் படித்துப் பெரிய ஆளாகி, அப்பா வேலை செய்த இடத்துக்கே வந்து ஓட்டை விழுந்த தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தார். அவருடைய அம்மாவுக்கு அந்த மனவருத்தம் கடைசிவரை இருந்தது.

கூடத்துக்கு ஒரு உதவியாள் வேண்டுமென்று அவர் எங்கள் லயத்துக்கு வந்தபோது நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். முழங்கால் இரண்டும் இறக்கத்தில் ஒரு பேச்சு, ஏற்றத்தில் ஒரு பேச்சு பேசிய காலம். சேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஒரு வேலைய ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா?"

"சேர், இவ்வளவு காலம் கொழுந்துதான பறிச்சேன். வேற என்னா செஞ்சேன்னு நெனக்கிறீங்க?"

"நாளைக்கி வாங்கக்கா."

என்னைவிட மூத்த மனுசன் என்னை அக்கா என்கிறாரே என்று நான் அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். இன்றுவரை அக்காதான்.

பழகிக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. கண்ணாடிச் சாமான் கழுவினேன், உடைத்தேன், திட்டு வாங்கினேன், உடைக்காமல் கழுவக் கற்றுக்கொண்டேன். ஆனால் இங்கே என்ன நடக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"சேர், ஊருல கேக்கிறாங்க. நாங்க இங்க என்னாதான் செய்யிறோம்?"

சேர் யாரிடமும் 'உனக்குப் புரியாது' என்று சொல்ல மாட்டார். பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"சில சாமான் நல்லாக் குளிர்ந்திச்சின்னா அதுக்குள்ள கரண்டு கொஞ்சமும் கஷ்டப்படாம ஓடும். அதுக்குப் பேரு மீகடத்தி. ஆனா அதுக்குக் காந்தத்தக் கண்டா ஆகாது. காந்தம் உள்ள வந்திச்சின்னா இது வெளிய போயிரும்."

"மாமியா மருமக மாதிரி."

"அப்புடித்தான். ஆனா அருமண்ணுன்னு ஒரு வகை இருக்குக்கா. லேசுல பிரிச்செடுக்க முடியாத உலோகங்க. அத வெச்சுச் செய்யிற சில சாமான்ல காந்தமும் மீகடத்தியும் லயத்து வீடு மாதிரி ஒரே காம்பராவுல இருக்குது. சண்ட போடாம. அது எப்புடின்னு பாக்கத்தான் இந்தக் கூடம்."

"அப்புடி ஒரு மாமியாளக் கண்டுபுடிச்சா எனக்கும் காட்டுங்க சேர். விழுந்து கும்புடுறேன்."

சேர் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவர் முதலில் செய்வது பிளேன்டீ ஊற்றுவது. ஒரு பனங்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, முழுக் கோப்பையும் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். குடித்த பிறகு சொல்வதை மாற்றவும் மாட்டார். கூடத்துக்குள் சாமிப்படம் வைக்க விடவில்லை. "இங்க நாங்க பாக்காதது எதுவும் உள்ள இருக்கக் கூடாதுக்கா" என்பார். ஆறு ஊருக்குப் போதுமான பக்தி உள்ள என்னிடம் அவர் இப்படிச் சொன்னபோதும் நான் பொறுத்துக்கொண்டேன். முழங்காலுக்கு மாடிதான் சரி, மலை சரியில்லை.

வேலை இப்படித்தான் போகும். அருமண் தூள் என்பது ஈரத்தைக் கண்டால் குடித்துவிடுகிற சாதி. எங்கள் ஊரிலோ ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நடந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். அதனால் தூளை முதலில் அடுப்பில் காயவைத்து, சூடு ஆறும் முன் நிறுத்து எடுக்க வேண்டும். பிறகு அதோடு பேரியம் தூளும் செப்புத் தூளும் சேர்த்துப் பெரிய பீங்கான் உரலில் கலப்போம். உலையில் சுடுவோம். வில்லையாக அழுத்தித் திரும்பவும் சுட்டு, ஒட்சிசன் ஓட விட்டு மெதுவாக ஆறவைப்போம். அவசரப்பட்டு ஆறவைத்தால் கரி மாதிரி ஒன்று கிடைக்கும்; குணம் இருக்காது.

வில்லை வந்ததும் அதை இரண்டாக உடைப்போம். பாதியை அப்படியே டப்பாவில் போட்டு வைப்போம். மறு பாதியை அளப்பதற்காகச் சின்னக் கல்வத்தில் மை போல அரைப்போம். மருத்துவர் மருந்து அரைக்கும் கல்வம் மாதிரிதான், ஆனால் கண்ணாடி போல வழுவழுப்பான, பால் நிறத்தில் கோடு ஓடிய கல். கடையில் கிடைக்காத கல். சேர் வெளிநாட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கூடத்தின் நகை அதுதான். அதைக் கழுவ எனக்குத் தனிப் பாடம் நடந்தது. தண்ணீர், ஸ்பிரிட், மெல்லிய துணி, விரல். வேறு எதுவும் கூடாது. நகம்கூடப் படக் கூடாது. என் பேரனைக் குளிப்பாட்டியபோதுகூட எனக்கு இவ்வளவு சட்டம் யாரும் போடவில்லை.

அரைத்த தூளைச் சின்னக் குப்பியில் அடைத்து, ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டுவோம். குச்சியின் மறு நுனி அந்தக் கோயில் ஒலிபெருக்கியில் ஒட்டியிருக்கும். ஒலிபெருக்கி 'ம்ம்ம்' என்று உறுமினால் குச்சி நடுங்கும். நடுங்குகிற தூளில் காந்தம் இருந்தால் பக்கத்தில் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் தெரியும். சேர் தன் கையால் செய்த கருவி. அதற்கு இங்கிலீசில் நீளமாக ஒரு பேர் இருந்தது. நான் 'சாமியாடி' என்று பேர் வைத்தேன். பிறகு சேரே அப்படித்தான் சொன்னார்.

சாமியாடிக்குக் குளிர் வேண்டும். திரவ நைதரசன். அது எங்களுக்கு மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற சுனில் மாத்தயா என்கிற சிங்கள ஐயாவிடமிருந்து வந்தது. காளையின் விந்தைக் கெடாமல் வைக்க அவர்களும் அதைத்தான் பாவிக்கிறார்கள். பெரிய பால்கேன் போன்ற பாத்திரத்தை வண்டியில் இருந்து இறக்கும்போது அவர் ஒவ்வொரு தடவையும் "அக்கே, பரிஸ்ஸமின்!" என்று கத்துவார். கவனம் என்று அர்த்தம்.

"மாத்தயா, கேன மாத்திக் குடுத்திறாதீங்க. அப்புறம் எங்க சாமியாடி கன்னுக்குட்டி போட்டிரும்."

அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். வெட்கப்பட்டுக்கொண்டே கையெழுத்து வாங்குவார்.

இந்த இடத்துக்குத்தான் தர்ஷினி வந்தாள். தாயும் தகப்பனும் தோட்டத்தில் பேர் போட்டு, நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். பிள்ளை பல்கலைக்கழகம் முடித்து, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எங்கள் சேரிடம் வந்து சேர்ந்தாள். என்னைப் பெரியம்மா என்றாள். மெலிந்த பிள்ளை, ஆனால் கதவை மூடினால் கூரைத் தகரம் அதிரும். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஜப்பானில் ஒரு பேராசிரியர் இதே சாமானில் பெரிய ஆள். அவர் கூடத்தில் ஒரு இடம் கிடைத்தால் போதும். அவளுடைய தாய் வந்த கலியாணப் பேச்சையெல்லாம் அந்த ஒரு இடத்துக்காகத் தள்ளிவைத்திருந்தாள்.

அந்த வருசம் சரஸ்வதி பூசை வந்தது. தொழிற்சாலைகளில் அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். தர்ஷினியும் நானும் சேரிடம் போய் நின்றோம்.

"சேர், சாமியாடிக்கு ஒரு பொட்டு?"

"ஒரு பொட்டும் இல்ல. லீவு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

போனோம். லீவு முடிந்து திரும்பிய காலையில் சேர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "கூடம் சுத்தமாத்தான இருக்கு?" என்று எங்கேயோ பார்த்துக் கேட்டார். சுத்தமாகத்தான் இருந்தது. தர்ஷினி அன்றைக்கே, உலையிலிருந்து புதிதாக வந்த வில்லையை உடைத்து, கல்வத்தைத் துணியிலிருந்து பிரித்தெடுத்து அரைக்க உட்கார்ந்தாள். கடோலினியம் என்கிற அருமண்ணோடு இன்னொன்றைக் கொஞ்சம் சேர்த்து அவளே யோசித்துச் செய்த வில்லை.

சாமியாடி ஆடியது. கணினியில் கோடு வந்தது. மீகடத்தி இருக்கிறது என்று கோடு ஒரு பக்கம் கீழே போனது. அதோடு சேர்ந்து, இருக்கக் கூடாத இடத்தில், காந்தம் இருக்கிறது என்று ஒரு வளைவும் வந்தது. அதுவும் சுனில் மாத்தயாவின் குளிரிலேயே. மற்றவர்கள் இதைவிட எவ்வளவோ பெரிய குளிரில்தான் இந்தச் சாமானில் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

தர்ஷினி என் கையைப் பிடித்தாள். அவள் கை நைதரசனைவிடக் குளிர்ந்திருந்தது.

"பெரியம்மா, ரெண்டும் ஒரே காம்பராவுல இருக்கு."

"சண்ட இல்லாம?"

"சண்ட இல்லாம!"

சேர் பிளேன்டீ ஊற்றப் போனார். முழுக் கோப்பையும் குடித்தார். "இன்னொரு வில்லை செஞ்சு பாரு" என்றார்.

செய்தாள். இரண்டாவதிலும் வந்தது. ஜப்பான் பேராசிரியருக்கு எழுதினாள். அவர் கொழும்பில் நடக்கப்போகும் ஒரு கூட்டத்துக்கு வருவதாகவும், இது நிலைத்தால் தன் கூடத்தில் அவளுக்கு இடம் உண்டு என்றும் பதில் போட்டார். தர்ஷினியின் தாய் கொழுக்கட்டை அவித்து அனுப்பினாள். நான் பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் சொன்னேன். சரஸ்வதி கடாட்சம் என்றேன். சேருக்குத் தெரியாமல் பூசை நாளில் வீட்டில் இருந்தபடியே நான் கூடத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அதுதான் காரணம் என்று கண்டக்டரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது வில்லையின் கோடு வந்த அன்று சேர் மூன்று கோட்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே பனி. கண்ணாடி வெள்ளையாக இருந்ததால் கோடுகள் நன்றாகத் தெரிந்தன. பிளேன்டீ ஊற்றினார். குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். அவர் கோப்பையை அவரே கழுவினால் செய்தி நல்லதில்லை.

"தர்ஷினி, மொத கோட்டுல காந்தம் பெருசு. ரெண்டாவதுல கொஞ்சம் கொறைவு. இதுல இன்னும் கொறைவு."

"ஒட்சிசன் கூடக் கொறைய போயிருக்கும் சேர்."

"அப்புடின்னா மீகடத்தியும் மாறியிருக்கணும். அது அப்புடியே இருக்கு. நெசமான கொணம் களைச்சுப் போவாதும்மா. இது களைச்சுப் போவுது."

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தேன்.

"சேர், கூட்டம் வருது. கூட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் பாப்போம் சேர்."

"அதுக்கப்புறம் எதப் பாக்கிறது?"

"அவங்க எடம் குடுத்திருவாங்க. நான் அங்க போயி நல்ல மெஷின்ல எல்லாத்தையும் சரியா அளந்து..."

"அளந்து, இல்லேன்னு வந்திச்சின்னா?"

ஒலிபெருக்கி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் போய் அதை நிறுத்தினேன்.

சேர் டப்பாவைத் திறந்தார். முதல் வில்லையின் அரைக்காத பாதி அதில் இருந்தது. அதை அப்படியே, துண்டாகவே, குச்சியில் கட்டச் சொன்னார். கட்டினோம். சாமியாடி ஆடியது. மீகடத்தி இருந்தது. காந்தம் இல்லை. இரண்டாவது வில்லையின் பாதியைக் கட்டினோம். இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

எனக்கே விளங்கிவிட்டது. அரைக்காததில் இல்லை, அரைத்ததில் இருக்கிறது என்றால், அது வில்லையில் இல்லை. கல்வத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அரைப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

சேர் ஒரு பெரிய காந்தத்தை வெள்ளைக் கடதாசியில் சுற்றினார். கல்வத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு, விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த அழுக்கைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, அதற்குக் கிட்டே காந்தத்தைக் கொண்டுபோனார். கடதாசியில் மூன்று நாள் தாடி போலக் கறுப்பாக ஏதோ எழுந்து நின்றது. பொடிப்பொடி மயிர்.

"இரும்பு" என்றார் சேர்.

தர்ஷினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா... கல்வத்த நீங்க சட்டி தேய்க்கிற கம்பி போட்டுத் தேச்சீங்களா?"

பாருங்கள், கூடத்தில் சாமி கும்பிடுகிறவள் நான் ஒருத்தி. சட்டி தேய்க்கத் தெரிந்தவளும் நான் ஒருத்தி. பூசைக்கு முன் சாமான்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எங்கள் வழக்கம்தான். சந்தேகம் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டியது. ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லை.

"ஏன்டி, எம் புருசன் உசிரோட இருந்தப்பகூட நான் அவ்வளவு பதனமாத் தொட்டதில்ல. இந்தக் கல்ல நான் கம்பி போடுவேனா?"

"அப்ப வேற யாரு பெரியம்மா? சுனில் மாத்தயாவா?"

"மாட்டுக் கேனோட வந்து மாட்டுக் கேனோட போற மனுசன். அவரு கையில அந்தக் கல்ல நீ பாத்தியா?"

"அப்பன்னா நீங்கதான். வேற ஆளே இல்ல."

அவள் கத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். அதனால் எனக்குக் கோபமும் வரவில்லை, வாயில் பகிடியும் வரவில்லை. எனக்குப் பகிடி வராத நேரம் அது ஒன்றுதான்.

சேர் இவ்வளவு நேரமும் பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். மயிரெல்லாம் சுருண்டு சுருண்டு இருந்தது. சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளின் நுனிகள்.

"அக்காவ விடு தர்ஷினி. நான்தான்."

நான் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தேன்.

"அப்பா இந்தப் பக்டரி இஞ்சின் ரூம்ல வேல செஞ்சாரு. பூச அன்னிக்கி நட்டு முடுக்கிற ஒவ்வொரு சாவியையும் கம்பி போட்டுத் தேச்சு, சந்தனம் வெச்சிட்டுத்தான் சோத்துல கை வெப்பாரு. எனக்குச் சாமி இல்ல. ஆனா அன்னிக்கி வீட்டுல இருக்க முடியல. வந்து பாத்தேன். அப்பா கையில அவ்வளவு சாவி. எங் கையில இந்தக் கல்வந்தான். தேச்சேன். பொட்டு வெச்சேன். கும்புட்டேனான்னு கேக்காதீங்க. அப்புறம் பொட்ட அழிச்சிட்டு, கழுவித் தொடச்சு, துணியில சுத்தி வெச்சிட்டுப் போயிட்டேன்."

எனக்குப் பகிடி திரும்ப வந்துவிட்டது.

"சேர், அவரு தேச்சது இரும்பு. நீங்க தேச்சது கல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"அன்னிக்கி நான் விஞ்ஞானியா வரலக்கா."

தர்ஷினி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் மூடினாள். தகரம் அதிரவில்லை. அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது. சேர் பிளேன்டீ ஊற்றி எனக்கும் ஒன்று வைத்தார். நான் அந்தப் பனங்கட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டேன். அவருக்கு அன்றைக்கு இனிப்பு எதற்கு?

மறுநாள் காலையில் வந்தாள். கண் வீங்கியிருந்தது. முதலில் என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, மன்னிச்சிக்குங்க."

"போடி. எம் மருமக இதவிடப் பெருசாச் சொல்லியிருக்கா."

சேர் எழுந்து நின்றார். தன் மாணவிக்கு முன்னால் எழுந்து நின்ற ஒரு பெரிய மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் அவருக்கு எழுதுறேன். தப்பு என்னோடதுன்னு எழுதுறேன். நீ கூட்டத்துக்குப் போகவேணாம்."

"நீங்க எழுதாதீங்க சேர். நான் போறேன். அரைச்ச கோட்டையும் அரைக்காத கோட்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டிச் சொல்லப்போறேன்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். யாரு தேச்சான்னு கேட்டா, எங்க சேருன்னு சொல்லுவேன்."

"சொல்லு."

"ஏன் தேச்சாருன்னு கேட்டா?"

சேர் கொஞ்சம் யோசித்தார். "அதையும் சொல்லு."

போனாள். திரும்பி வரும்போது நானுஓயா ஸ்டேஷனுக்கு நான்தான் போய் நின்றேன். சேர் வரவில்லை, கூடத்தில் வேலை இருக்கிறது என்றார். அன்றைக்குக் கூடத்தில் இருந்த ஒரே வேலை அவர்தான்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நல்லாச் சிரிச்சாங்களா?"

"பெரியம்மா!"

"இல்ல புள்ள, சேர் கேட்டா சொல்லணும்ல."

ஜப்பான் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லையாம். கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, சுத்தமானதைச் செய்து அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னாராம். இடம் அந்த வருசம் வேறு ஒரு பையனுக்குப் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவள் ரயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வீட்டில் தாயிடம் சொல்ல நானும் கூடப் போனேன். தாய் அடுப்பைத் தணித்தாள். பிறகு "அந்த சேர் சாப்பிட்டாராமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துக்கு நான் அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன், மனதுக்குள்.

மறுநாள் தர்ஷினி தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே என் வில்லையெல்லாம் நீங்கதான் அரைக்கணும் சேர்."

அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்த கல்வத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வருசம் முழுக்க எங்கள் சேர் அரைத்தார். நான் எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை.

"சேர், ஒரே பக்கமாச் சுத்துங்க. இது என்னா, பேரப்பிள்ளைக்கி வசம்பு ஒரசுறீங்களா?"

"சரிக்கா."

"கங்காணி பாத்தா இன்னிக்கி ஒங்களுக்கு அரப்பேருதான், பாதிச் சம்பளம்."

"சரிக்கா."

என் வாழ்க்கையில் மலையில் கேட்ட பேச்சையெல்லாம் அவரிடம் கொடுத்து முடித்தேன். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. தர்ஷினி முதலில் சிரிக்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு திரும்பாமலேயே சிரித்தாள்.

சுத்தமான வில்லையில் எங்கள் சாமியாடிக்குக் காந்தம் தெரியவே இல்லை. தர்ஷினி அதை அப்படியே எழுதி, வில்லையையும் ஜப்பானுக்கு அனுப்பினாள். அவர்கள் அதைச் சுனில் மாத்தயாவால் கனவிலும் கொண்டுவர முடியாத குளிரில் வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சூண்டு இருந்தது. எத்தனை தடவை அளந்தாலும் அதே கொஞ்சூண்டு. களைக்கவில்லை. அவளைக் கூப்பிட்டார்கள்.

விமானம் ஏறுவதற்கு முன் வந்து என் காதில் சொன்னாள்: "பெரியம்மா, நெசமாவே ரெண்டும் ஒரே காம்பராவுலதான் இருக்கு. குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்திருக்கு. அதான் நமக்குக் கேக்கல."

இப்போது அவள் திரும்பிவந்து இந்தக் கூடத்தின் தலைவி. சேர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் தினமும் வருகிறார். புது மெஷினை வாங்கியது அவள்தான். தலைவியாக அவள் போட்ட முதல் உத்தரவு: சரஸ்வதி பூசை அன்று கூடத்தில் பொட்டு வைக்கலாம். ஆனால் கல்வம் அலுமாரியில் பூட்டியிருக்கும், அதன் போட்டோவுக்குத்தான் பொட்டு. அலுமாரிச் சாவி என் இடுப்பில். இன்னொன்றும் உண்டு. அன்றைக்குச் சேர் உள்ளே வரும்போது வாசலில் நிறுத்தி அவர் சட்டைப்பையைச் சோதிக்க வேண்டும். அந்த வேலையும் என்னுடையது. கம்பிச்சுருள் கிடைத்தால் உள்ளே விடுவதில்லை. இதுவரை கிடைத்ததில்லை. பனங்கட்டி கிடைத்திருக்கிறது, பறிமுதல் செய்திருக்கிறேன்.

இந்த வருசப் பூசைதான் எனக்குக் கடைசி. புது மெஷினின் வெளிப்பெட்டியில் தர்ஷினி பொட்டு வைத்தாள். மூலையில் சாமியாடி, அதைத் தூக்கிப்போட அவள் விடவில்லை, அதற்கும் ஒரு பொட்டு. போட்டோவுக்கு ஒன்று. சேர் வாசலில் நின்று, நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒன்றில் மடித்த கடதாசி இருந்தது.

"இது என்னாங்க சேர்?"

"சந்தனம்."

"இவ்வளவு காலமும் ஒரு பொட்டும் இல்லேன்னீங்க?"

"கூடத்துல உள்ள எல்லாத்துக்கும் வெச்சாச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குக்கா."

கடதாசியைப் பிரித்து, விரலால் தொட்டு, என் நெற்றியில் வைத்தார். தர்ஷினி பக்கத்தில் நின்று மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசாவிட்டால் யார் பேசுவது?

"கம்பி போட்டுத் தேய்க்காம வெச்சீங்களே சேர், அது போதும்" என்றேன்.

சேரின் தோள் ஆடியது.